ஊருணியில் பாசி: செயற்கைக்கோள் படம் எதுவரை உதவும்?

கோடையில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊருணிகளில் தண்ணீர் இறங்க இறங்கப் பச்சை கட்டும். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் இதைக் கவனித்துவரலாம். ஆனால் படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் பாசி அல்ல. ஆகாயத்தாமரையும் அல்லி இலையும் பச்சைதான்.

பாசியின் குளோரோஃபில் 665 நானோமீட்டர் அருகே சிவப்பொளியை விழுங்கும். 705 அருகே ஒளி தூக்கலாகத் திரும்பி வரும். சென்டினல்-2 இந்த இரண்டு ஒளியையும் தனித்தனிப் பட்டையாகப் பதிவு செய்யும்: முன்னது பி4 பட்டை, பின்னது பி5. பி5-இல் பி4-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்.டி.சி.ஐ. என்ற எண்; குளோரோஃபில் கூடினால் இதுவும் ஏறும். இந்தப் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் மேகமில்லாத நாளின் எல்2ஏ (காற்றுமண்டலத் தாக்கம் நீக்கிய) படத்தைத் திறந்து, கஸ்டம் பகுதியில் இதைக் கொடுத்தால் போதும். வேறு நாட்டு நீருக்குப் போட்ட சூத்திரத்தை வைத்து இந்த எண்ணை லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் குளோரோஃபில் என்று மாற்றுவது வீண் வேலை. அதே ஊருணியில் போன படத்தைவிட ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பி5 படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) தரையில் 20 மீட்டர். 100 மீட்டர் சதுர ஊருணிக்கு 25 கட்டம். கரையோரச் சுற்றில் படித்துறையும் செம்புரைக்கல் சுவரும் கலந்துவிடுவதால் அதைத் தள்ளினால் மிஞ்சுவது 9. சின்ன ஊருணிக்கு இந்த முறை ஆகாது, கண்மாய்க்கு நன்றாகவே ஆகும். மழைக்குப்பின் செம்மண் கலங்கல் பி4-ஐ ஏற்றிவிடும். பாசி இருந்தும் எண் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வேறு.

நச்சு தரக்கூடிய நீலப்பச்சைப் பாசியைப் பிரித்துக் காட்ட 620 நானோமீட்டர் பட்டை வேண்டும். அது சென்டினல்-2-இல் இல்லை. சென்டினல்-3-இல் உண்டு, ஆனால் அதன் ஒரு கட்டம் 300 மீட்டர். ஊருணியே அதற்குள் அடங்கிவிடும்.

ஆகவே எண் ஏறினால் கரைக்குப் போக வேண்டும். கையுறை போட்டு, மேல் ஏட்டை ஒதுக்கி, கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்து, மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் வேண்டாம். காலையில் பச்சை மேலே ஏடாகக் கட்டியிருந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்கலாம். அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. நச்சு உண்டா என்பதை லேப்தான் சொல்லும். அதுவரை குடிக்கவோ மாட்டுக்குக் காட்டவோ கூடாது. கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது.

பாசியைக் கொல்ல அவசரப்பட்டு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கொட்டுவதுதான் பெரிய ஆபத்து. பாசிச் செல் உடைந்து உள்ளிருக்கும் நச்சு நீரில் கலக்கும். குளோரோஃபில் அழிந்துவிடுவதால் அடுத்த படத்தில் எண் இறங்கி, தண்ணீர் தெளிந்துவிட்டதாகவே காட்டும்.