மணலும் கிறவலும் தாண்டும் மூன்று சில்லுத் தள்ளுவண்டி

மட்டக்களப்பின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், கொங்கிறீட் ஒழுங்கை முடிகிற இடத்திலேயே மணல் தொடங்கிவிடுகிறது. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் கிறவல் வீதியும் வாய்க்கால் கட்டும் வயல் வரம்பும் வருகின்றன. மாரியில் அவற்றின் மேல் களி படிந்துவிடும். கல்முனையிலிருந்து திருக்கோவில், பொத்துவில் வரையான அம்பாறைக் கரையோரமும் அதன் உட்புற வயற்காணிகளும் ஏறக்குறைய இப்படித்தான். வழுவழுப்பான தரைக்கென வடிவமைக்கப்பட்ட சாதாரண குழந்தைத் தள்ளுவண்டி இங்கே சிறிது தூரத்திலேயே நின்றுவிடுவதில் வியப்பில்லை. கரடுமுரடான நிலத்துக்கென விற்கப்படும் மூன்று சில்லு வண்டி அதே இடத்தைக் கடந்துவிடுகிறது. ஆனால் அதற்கான பெருமையில் பெரும்பங்கு சில்லுகளின் எண்ணிக்கைக்கு உரியதன்று. சில்லின் ஆரை, டயருக்குள் இருக்கும் காற்று, சுமை விழும் இடம் ஆகியவற்றுக்கே உரியது.

ஆரையிலிருந்து தொடங்கலாம். கிறவல் வீதியில் இரண்டரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்குத் துருத்தி நிற்கும் ஒரு கல்லைச் சில்லு ஏறிக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கல்லின் விளிம்பைத் தொட்ட கணத்தில் சில்லு உருள்வதை நிறுத்திவிட்டு, அந்த விளிம்பையே அச்சாகக் கொண்டு திரும்பி எழ வேண்டியிருக்கிறது. சில்லு சிறிதாயின் கல் அதன் அச்சின் உயரத்துக்கு நெருக்கமாக வந்து முட்டுகிறது. பெரிதாயின் அடிப்பகுதியில் மட்டும் முட்டுகிறது. கணக்குப் போட்டால், 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லை அச்சின் மட்டத்தில் கிடையாகத் தள்ளி அந்தக் கல்லில் ஏற்றுவதற்கு, அந்தச் சில்லு சுமக்கும் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசை, அதாவது 1.1 மடங்கு தேவைப்படும். விட்டம் 30 சென்ரிமீற்றராக இருந்தால் எடையின் மூன்றில் இரண்டு பங்கு போதும். 40 சென்ரிமீற்றராக இருந்தால் பாதியைவிடச் சிறிது கூடுதலாக இருந்தால் போதும்.

வண்டி 12 கிலோகிராம், குழந்தை 14 கிலோகிராம், மொத்தம் 26 கிலோகிராம் என்போம். பின் அச்சுக்கும் முன் அச்சுக்கும் இடையே 75 சென்ரிமீற்றர் தூரம் இருக்க, புவியீர்ப்பு மையம் அந்தத் தூரத்தின் காற்பங்கில் பின் அச்சை ஒட்டி இருக்குமானால், முன் சில்லு சுமப்பது ஆறரைக் கிலோகிராம் மட்டுமே. மிகுதி பத்தொன்பதரைக் கிலோகிராமும் பின் சில்லுகளின் மேல் விழுகிறது. முன் சில்லு கல்லில் ஏறிவிட்ட பின்னும், அதைவிட மூன்று மடங்கு சுமையோடு வரும் பின் சில்லுகளுக்கு இன்னமும் கல் காத்திருக்கிறது. நல்ல வண்டிகளில் முன் சில்லு 12 அங்குலமாகவும் பின் சில்லுகள் 16 அங்குலமாகவும் இருப்பதன் காரணம் இதுதான். கடையில் வாங்குபவர் பெரும்பாலும் முன் சில்லையே உற்றுப் பார்க்கிறார். கிறவல் வீதியில் உண்மையில் கை வலிக்கச் செய்வது பின் சில்லு.

முன்னால் ஒற்றைச் சில்லு இருப்பதன் பயன் இதன் பிறகே வருகிறது. நான்கு சில்லு வண்டியின் இடது முன் சில்லு மட்டும் கல்லில் மோதினால், வண்டி முழுவதும் இடப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பத்தைத் தள்ளுபவரின் மணிக்கட்டுத் தடுத்தாக வேண்டும். ஒற்றைச் சில்லு நடுக்கோட்டில் இருப்பதால் மோதல் நேராகப் பின்னோக்கி வருகிறது. கை திரும்புவதில்லை, வேகம்தான் குறைகிறது. மேலும், மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைவதால் எந்த மேடு பள்ளத்திலும் மூன்று சில்லுகளும் நிலத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நான்கில் ஒன்று அந்தரத்தில் தொங்குவதும், சட்டம் முறுகுவதும், நாளடைவில் மூட்டுகள் தளர்வதும் இங்கே இல்லை. உழவு இயந்திரம் போன தடத்தில், பள்ளத்துக்குள் முன் சில்லையும் அதன் இருபுறத்து மேட்டில் பின் சில்லுகளையும் வைத்துப் போகும் வசதியும் உண்டு.

இதற்குக் கொடுக்கும் விலை பக்கவாட்டு உறுதி. நான்கு சில்லுகள் நிலத்தில் ஒரு செவ்வகத்தை வரைகின்றன, மூன்று சில்லுகள் ஒரு முக்கோணத்தை வரைகின்றன; புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே விழும் நிலைக்குத்துக் கோடு அந்த உருவத்துக்குள் இருக்கும் வரைதான் வண்டி நிற்கும். முச்சக்கரவண்டி விரைவாகத் திரும்பும்போது ஒரு பின் சில்லு எழும்புவதைக் கண்டவர்களுக்கு இந்த முக்கோணம் புதிதல்ல. பின் சில்லுகளின் இடைவெளி 60 சென்ரிமீற்றர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 50 சென்ரிமீற்றர் என்று கொண்டால், நான்கு சில்லு வண்டி ஏறத்தாழ 31 பாகை பக்கச் சரிவில் கவிழும். மேலே சொன்ன சுமைப் பங்கீடு உள்ள மூன்று சில்லு வண்டி 24 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். குழந்தை முன்னால் குனிந்து எட்டிப் பார்த்தால், மையம் முக்கோணத்தின் ஒடுங்கிய முனையை நோக்கி நகர, அந்தக் கோணம் இன்னும் குறையும். ஆகவே பின் அச்சு அகலமாகவும் இருக்கை தாழ்வாகவும் உள்ள வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாமான்களைக் கீழேயுள்ள கூடையில் வைத்தால் மையம் இறங்கும். கைப்பிடியில் பையைக் கொழுவினால் மையம் பின் அச்சைத் தாண்டி நகரப் பார்க்கும். குழந்தையைத் தூக்கிய மறுகணமே வண்டி பின்னால் மல்லாக்காக விழுவது இதனால்தான். சந்தையிலிருந்து திரும்பும்போது இது எவருக்கும் நேரலாம். குழந்தை உள்ளே இருக்கும்போது நேராமல் இருப்பதுதான் முக்கியம்.

முன் சில்லு சுழலும் வகையா, நேராகப் பூட்டிய வகையா என்பது அடுத்த தெரிவு. சுழலும் சில்லு நிலத்தைத் தொடும் இடம், அதன் சுழல் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் அது தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. வேகம் கூடும்போது இதே அமைப்பு இடதும் வலதுமாகப் படபடவென்று அடிக்கத் தொடங்கும், மணலில் குறுக்கே திரும்பிப் புதையும். பூட்டிய சில்லு நேராகவே போகும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கியாக வேண்டும். கைப்பிடி பின் அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் பின்னால் இருப்பின், நம் கணக்கு வண்டியைத் தூக்க ஏறத்தாழ 12 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். ஒழுங்கைகளில் முடக்குக்கு முடக்கு அப்படி அழுத்திக்கொண்டிருக்க எவராலும் முடியாது. ஒரு பொத்தானிலோ நெம்பிலோ பூட்டவும் திறக்கவும் கூடிய சில்லே நம் நிலத்துக்கு ஏற்றது. நிரந்தரமாகப் பூட்டிய வண்டியை ஓட்டப்பயிற்சிக்காரருக்கு விட்டுவிடலாம்.

ஓட்டப்பயிற்சிக்காரரிடமிருந்துதான் இந்த வண்டியே வந்தது. 1984 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள யாக்கிமா நகரில் பத்திரிகைத் தொழிலில் இருந்த பில் பெக்லர், தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓடுவதற்காகத் தள்ளுவண்டியொன்றுக்குச் சைக்கிள் சில்லுகளைப் பொருத்தினார். அந்தச் சில்லுகளுக்குள் இருந்த காற்றுக்கும் ஒரு குழந்தையே காரணம். 1887-88 காலப்பகுதியில் பெல்பாஸ்ற்றில் ஜோன் பொய்ட் டன்லொப், தன் மகனின் முச்சில்லுச் சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்றே காற்றடைத்த றப்பர்க் குழாயை அதற்குச் சுற்றினார்.

காற்றடைத்த டயரின் சிறப்பு, மணலில்தான் முழுமையாகத் தெரியும். மெல்லிய டயர் நிலத்தில் செலுத்தும் அமுக்கம், அதற்குள் இருக்கும் காற்றின் அமுக்கத்துக்கு ஏறத்தாழச் சமமானது. முன் சில்லின் ஆறரைக் கிலோகிராம் சுமை, 30 பீ.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) காற்றில் ஏறத்தாழ மூன்று சதுர சென்ரிமீற்றர் பரப்பில் நிற்கிறது. காற்றைப் பாதியாக்கினால் அந்தப் பரப்பு இரட்டிக்கிறது, சில்லு குறைவாகப் புதைகிறது. புதைவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், புதைந்த சில்லு உருள்வதோடு தன் முன்னால் ஒரு சிறு மணற்குவியலைத் தள்ளிக்கொண்டும் போகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், காய்ந்த மணலில் குனிந்து பார்த்தால், சில்லின் முன் அந்தக் குவியல் எழுவதும் இருபக்கமும் சரிவதும் மீண்டும் எழுவதும் தெரியும். தார் வீதியில் மொத்த எடையின் நூறில் ஓரிரண்டு பங்கு விசையே தள்ளப் போதும். காய்ந்த மணலில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வேண்டும். நம் 26 கிலோகிராமுக்கு அது ஐந்து கிலோகிராம் எடைக்கு மேற்பட்ட தொடர்ச்சியான தள்ளல்.

மணலில் மூன்று சில்லுக்கு ஒரு பாதகமும் உண்டு. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. நான்கு சில்லு வண்டியில் முன் சில்லுகள் அழுத்திய தடத்திலேயே பின் சில்லுகள் போகலாம். மூன்று சில்லு வண்டியோ மூன்று புதிய தடங்களை வெட்டிக்கொண்டு போகிறது. கைப்பிடியின் உயரமும் சேர்ந்து எதிராக வேலை செய்கிறது. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து ஐந்து கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் தள்ளும்போது, அந்த விசை வண்டியை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கிறது. அதன் விளைவாக முன் சில்லின் மேல் இன்னுமொரு ஆறரைக் கிலோகிராம் ஏறி, சுமை இருமடங்காகிவிடுகிறது. பலமாகத் தள்ளத் தள்ள ஆழமாகப் புதைவதன் மர்மம் இவ்வளவுதான். வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்தால் இதே திருப்பம் முன் சில்லைத் தூக்குகிறது, பெரிய பின் சில்லுகள் முன்னே போகின்றன. கைப்பிடி கையில் இருக்கும் வரை முன் சில்லு நிலத்தை விட்டு எழுந்தாலும் பாதகமில்லை. கோயில் வெளிவீதி மணலில் திணறும் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி இதுவே. இதற்குப் புதிய வண்டியும் வேண்டியதில்லை. கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடற்கரைக்குப் போனால், அலை நனைத்துப் போன விளிம்பில் தள்ளுங்கள். அங்கே மணிகளுக்கிடையே உள்ள நீர் மணலை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

நெருஞ்சி முள்ளுக்குப் பயந்து, காற்றில்லாத நுரை நிரப்பிய டயரை விரும்புவோர் உண்டு. அது பஞ்சராகாது என்பது உண்மை; ஆனால் மணலுக்கு ஏற்பக் குறைக்கவோ தாருக்கு ஏற்பக் கூட்டவோ முடியாது. என்னைக் கேட்டால், மணல் நிலத்தில் வசிப்பவர் காற்று டயரையே வாங்கி, பஞ்சரைச் சகித்துக்கொள்ள வேண்டும். 12, 16 அங்குல டியூப்கள் சிறுவர் சைக்கிளுக்கும் உரியவை என்பதால் தேடி அலைய வேண்டியதில்லை, எனினும் டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவை ஒப்பிட்டே வாங்க வேண்டும். பல வண்டிகளில் இருப்பது மோட்டார் சைக்கிளின் வால்வு வகை. வீட்டிலுள்ள சைக்கிள் பம்ப் அதற்குப் பொருந்தாமல் போகலாம். கடையின் கொம்பிரசரில் அடிக்கும்போது சிறிய டியூப் ஓரிரு செக்கன்களில் அளவுமீறிவிடும், ஆகவே கைப்பம்பே நல்லது.

மாரியில் பிரச்சினை வேறு. வயற்புறக் களி டயரில் ஒட்டி, ஒவ்வொரு சுற்றிலும் தடித்து, கடைசியில் டயருக்கும் முன் கவட்டைக்கும் இடையில் அடைத்துச் சில்லையே நிறுத்திவிடுகிறது. அந்த இடைவெளியில் ஒரு விரல் தாராளமாகப் போகாத வண்டியைப் படுவான்கரைக்குக் கொண்டுபோகாதிருப்பது நலம்.

கிறவல் வீதியின் அலைமடிப்புகள் பற்றியும் ஒரு சொல். மடிப்புகள் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்தால், சாதாரண நடையில் குழந்தைக்குச் செக்கனுக்கு இரண்டு குலுக்கல் கிடைக்கும், ஓடினால் நான்கு. அமர்ந்திருக்கும் வளர்ந்தவரின் உடல் மேல்கீழ் அதிர்வை மிகுதியாக உணர்வது செக்கனுக்கு நான்கு முதல் எட்டு வரையான மீடிறனில்தான். தலை பெரிதாகவும் கழுத்து வலுவற்றும் உள்ள குழந்தையை அந்த எல்லைக்குள் கொண்டுபோவதற்கு நியாயமில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை வைத்து ஓட வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகவே எச்சரிக்கிறார்கள். வண்டியின் சுருள்வில்கள் தனித்த கல்லின் அடியை மழுக்குமே தவிர, மெதுவாக வரும் அலைமடிப்பை வடிகட்டமாட்டா. அங்கே நடையைக் குறைப்பதே மருந்து.

நடுப்பகுதி உயர்ந்த வீதிகளிலும், வாவியைக் கடக்கும் பாதைப்படகு நிற்கும் துறைகளின் சரிவிலும், பின் சில்லுகள் இரண்டையும் ஒருசேரப் பூட்டும் கால் பிரேக்கும், மணிக்கட்டில் மாட்டும் வாரும் அவசியம். உருளும் தடை குறைந்த பெரிய சில்லு, கைவிட்டால் அதே சுலபத்தோடு தண்ணீரை நோக்கியும் உருளும்.

பாவித்த வண்டியை வாங்குவதாயின், சில்லைத் தூக்கிச் சுழற்றிக் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். கரகரவென்று கேட்டால் பெயரிங்குக்குள் மணல் புகுந்திருக்கிறது. பின்னர் அச்சைப் பிடித்துச் சில்லைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். சட்டம் அலுமினியமாக இருந்தாலும் திருகாணிகளும் கம்பிகளும் பெரும்பாலும் இரும்பே. உப்புக் காற்று அவற்றைத்தான் முதலில் தின்னும், மடிக்கும் மூட்டுகளின் உட்புறத்தில் துருவைத் தேட வேண்டும். முன் சில்லைக் கழற்றி வண்டியை மடித்து, வழக்கமாக ஏறும் முச்சக்கரவண்டியின் பின் இருக்கைக்குப் பின்னால் அது அடங்குகிறதா என்று காசு கொடுக்கும் முன்பே வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.