ஹைவே என்றால் பெருந்தெரு

"அதிவேக நெடுஞ்சாலை நிதியில் நடைபாதைகளும் சைக்கிள் பாதைகளும் அமைக்கலாம்." மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் கிடந்த வரி இது. ஆங்கிலத்தில் இருந்த 'ஹைவே'தான் இப்படி அதிவேக நெடுஞ்சாலை ஆகியிருந்தது. இலங்கையில், கொட்டாவையில் ஏறிக் காலிக்குப் போகிற அதிவேகப் பாதையில் முச்சக்கர வண்டியையே விடமாட்டார்கள். அங்கே யார் ஐயா நடக்கப் போகிறார்கள்? இந்தப் பிழை இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது தடவை.

மூலக் கட்டுரை அமெரிக்காவைப் பற்றியது. ஒரிகன் மாநிலம் 1971இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: மாநில ஹைவே நிதியைப் பெறுகிறவர்கள் அதில் குறைந்தது 1 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் செலவிட வேண்டும். 1991இல் வந்த மத்திய சட்டம், ஹைவேக்கென்று வைத்த பணத்தில் ஒரு பகுதியை பஸ், ரயில் வேலைகளுக்கும் திருப்பிவிட இடங்கொடுத்தது. எதற்கு எவ்வளவு என்பதில் பெருநகரத் திட்டமிடல் அமைப்புகளுக்கும் பங்குண்டு. நல்ல செய்தி. தமிழில் வரும்போதுதான் பகிடியாகிவிட்டது.

ஹைவே என்ற ஆங்கிலச் சொல்லில் வேகமே கிடையாது. அதில் வரும் 'ஹை' முதன்மையைக் குறிப்பது. எல்லோருக்கும் போக உரிமையுள்ள பொதுவழி, அவ்வளவுதான். இங்கிலாந்துச் சட்டத்தில் பொது ஒற்றையடிப் பாதைகூட ஹைவேதான். பெருமை, தெரு இரண்டும் சேர்ந்த பெருந்தெரு இதற்கு அச்சொட்டாகப் பொருந்தும்.

குழப்பம் எங்கள் வாயில் தொடங்கியது. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்த பிறகு, "ஹைவேயால போனா கெதியாப் போயிடலாம்" என்று பழகிவிட்டோம். பேச்சில் சரி. மொழிபெயர்ப்பாளரும் அதையே பிடித்துக்கொண்டு எழுதலாமா?

'அதிவேக'வை வெட்டிவிட்டு நெடுஞ்சாலை என்று மட்டும் எழுதினால் என்ன என்று கேட்டார் அவர். தமிழ்நாட்டில் துறையின் பெயரே நெடுஞ்சாலைத் துறை. அவர்கள் எழுதட்டும், அங்கே சாலை என்றால் ரோடு. இங்கே ரோட்டுக்கு வீதி என்போம். சாலை என்றால் எங்களுக்குக் கட்டடம்: பாடசாலை, வைத்தியசாலை, களஞ்சியசாலை. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள் இரவில் போய் நிற்கிற டிப்போவும் சாலைதான். என் காதுக்கு நெடுஞ்சாலை நீண்ட பஸ் டிப்போ போலத்தான் கேட்கிறது. அதைவிட, அதிவேகப் பாதைக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. 'அதிவேக'வை வெட்டினாலும் வாசகர் மனதில் அது ஒட்டிக்கொண்டே வரும். பெருந்தெருக்கள் என்று அமைச்சின் பெயரிலேயே புழங்கிய சொல்லை விட்டுவிட்டு ஏன் கடன் வாங்க வேண்டும்? வீதி வடசொல், தெருதான் தமிழ் என்பவர்களும் இதில் குறை காண முடியாது.

சந்தேகமென்றால் காலி வீதிக்கு வாருங்கள். ஏ2 என்று இலக்கமிட்ட பெருந்தெரு அது. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸும் 101உம் முட்டிமோதி நிற்க, மரக்கறிப் பையோடு ஓர் அம்மா கடவையில் கால் வைப்பதும் எடுப்பதுமாக நிற்பார். ஹைவே பணத்தில் நடைபாதை என்றால் இவருக்குத்தான்.

அதே மொழிபெயர்ப்பில் 'டிரான்சிட்' இடைத்தங்கல் ஆகியிருந்தது. கட்டுநாயக்கவில் விமானம் மாற நிற்பவருக்கு அது பொருந்தும். 101இல் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்குப் பொதுப் போக்குவரத்து. அகராதியில் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், இரண்டாம் பொருளைப் பார்க்கப் பொறுமையில்லை.

எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்தி அனுப்பினேன். திரும்பி வந்த பிரதியில் உள்ளே பெருந்தெரு, தலைப்பில் இன்னும் அதிவேகம்.