பிக்கார்டின் புல்லாங்குழல் எங்கே போனது?

"ஒரு மனிதன் இன்னொரு கிரகத்தில் நாற்பது வருடம் வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரனைக் கொஞ்சிவிட்டு வருகிறான். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி கப்பலில் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறான். இது என்ன நியாயம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அவர் சொல்வது 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் 1992-இல் வந்த 'தி இன்னர் லைட்' அத்தியாயம். கேப்டன் பிக்கார்ட் மயங்கிக் கிடந்தது அரை மணி நேரம்கூட இருக்காது. அதற்குள், அழிந்துபோன ஓர் இனம் அனுப்பிவைத்த ஆளில்லாக் கலம் ஒரு முழு வாழ்க்கையை அவர் மூளைக்குள் ஓட்டிக் காட்டிவிடுகிறது. கையில் மிஞ்சுவது ஒரு புல்லாங்குழல். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதும் இந்த அத்தியாயத்துக்குக் கிடைத்தது. ஆனால் அந்தக் குழலை மையமாக வைத்து இன்னொரு கதை வர அடுத்த ஆண்டு ஆகிவிட்டது.

ஏன் இப்படி? எல்லாம் வியாபாரம்தான். 1966-இல் தொடங்கிய முதல் ஸ்டார் ட்ரெக்கை என்பிசி என்ற தொலைக்காட்சி நிறுவனம் 79 அத்தியாயங்களோடு 1969-இல் நிறுத்திவிட்டது. பிறகு அமெரிக்காவின் உள்ளூர் தொலைக்காட்சி நிலையங்கள் அதை வாங்கித் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதில்தான் ரசிகர் கூட்டம் பெருகியது. 1987-இல் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷனை நேரடியாக அந்த நிலையங்களுக்கே விற்றார்கள். மறு ஒளிபரப்பில் எந்த அத்தியாயம் எதற்குப் பின்னால் வரும் என்று சொல்ல முடியாது. நடுவில் நான்கு வாரம் தவறவிட்டவருக்கும் கதை புரிய வேண்டும். எழுதும் இடத்திலும் இதே நெருக்கடி: வருடத்துக்கு 26 அத்தியாயம், ஒன்று படப்பிடிப்பில் இருக்கும்போது வேறு சிலவற்றை வேறு வேறு ஆட்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பிக்கார்டை உடைத்துப்போட்டால் மற்ற எல்லாரும் தங்கள் பக்கங்களைத் திருத்த வேண்டும்.

பள்ளியில் படித்த சுருள்வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்சி எல்லைக்குள் இழுத்தால் எடையை எடுத்ததும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். எல்லையைத் தாண்டினால் வராது, கொஞ்சம் நீண்டே நிற்கும். வாரம் ஒரு கதை சொல்லும் தொடர் தன் பாத்திரங்களை அந்த எல்லைக்குள்ளேயே இழுத்து விளையாடுகிறது. எப்போதாவது எல்லை மீறலும் நடக்கும். 'போர்க்' என்ற இயந்திர இனத்திடம் சிக்கி மீண்ட பிக்கார்ட், 1990-இல் வந்த 'ஃபேமிலி'யில் பிரான்சில் அண்ணன் வீட்டுக்குப் போய், அவரோடு சேற்றில் கட்டிப் புரண்டு, உடைந்து அழுவார்.

எல்லையைத் தாண்டுவதையே திட்டமாக வைத்துக்கொண்டவர் ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் 'பாபிலோன் 5' தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே யோசித்து, 110 அத்தியாயங்களில் 92-ஐத் தானே எழுதினார். பலர் எழுதுவதால் வரும் சிக்கலுக்கு இப்படியும் ஒரு தீர்வு! நடிகர்கள் விலகிப்போனால் என்ன செய்வது? முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் கதையிலேயே ஒரு வெளியேறும் வழியை முன்பே வைத்திருந்தார். முதல் வருடத்தோடு நாயகன் சின்க்ளேர் போய், ஷெரிடன் வந்தார். தொடர் நிற்கவில்லை.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது லண்டோ, ஜிகார் என்ற இரண்டு தூதர்களின் கதை. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) லண்டோ முதலில் குடியும் சூதுமாகத் திரியும் கோமாளி. தொடக்கத்திலேயே தான் கண்ட ஒரு கனவைச் சொல்கிறார்: பல வருடம் கழித்து அவரும் ஜிகாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி சாவார்கள். எதிரி நாட்டுக்காரர்கள், பொருந்துகிறது, சரி. இரண்டாம் வருடத்தில் லண்டோவின் பதவி ஆசை வளர்ந்து, ஜிகாரின் கிரகத்தின் மேல் பாறைகளை எறிந்து அதைச் சிதைக்கும் இடம்வரை போகிறது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்கும் அவர் முகத்தில் கோமாளி செத்துப்போயிருப்பான். மூன்றாம் வருடத்தில் அந்தக் கனவுக் காட்சியை முழுதாகக் காட்டுகிறார்கள். தன் உடம்பை ஒட்டிக்கொண்டு ஆட்டிவைக்கும் ஓர் உயிரியிடமிருந்து தப்ப, லண்டோவே ஜிகாரிடம் தன்னைக் கொல்லச் சொல்கிறார். பாதியில் அந்த உயிரி விழித்துக்கொள்வதால்தான் அவர் கையும் ஜிகாரின் கழுத்துக்குப் போகிறது. முதலில் சொன்ன அதே காட்சிதான். பகையாகத் தெரிந்தது இப்போது நட்பாகத் தெரிகிறது. ஜோசியத்தில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது, ஆனால் கதைக்குள் வரும் ஜோசியம் வேறு சாமான்: அது பலித்ததா என்பதை விட்டுவிட்டு, எப்படிப் பலிக்கப்போகிறது என்று வருடக்கணக்கில் நம்மைக் காத்திருக்க வைக்கிறது.

இதற்கு நேர் எதிர் 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்'. வீட்டுக்குத் திரும்ப 75 வருடம் ஆகும் என்ற நிலையில் தனித்து மாட்டிய கப்பல், அடுத்த வாரம் பளபளவென்று வந்து நிற்கும். 1997-இல் 'இயர் ஆஃப் ஹெல்' என்று இரண்டு பாகமாகக் கப்பலை நொறுக்கினார்கள். கடைசியில் காலமே பின்னோக்கிப் போய், நடந்தது யாருக்கும் நினைவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தத் தொடரில் சிறிது காலம் இருந்துவிட்டு விலகிய எழுத்தாளர் ரொனால்ட் மூர், பிறகு மனித இனம் கிட்டத்தட்ட அழிந்தபின் நடக்கும் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரில் மிஞ்சியிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கையைத் தொடக்கக் காட்சியிலேயே போட்டுக் காட்டினார். செத்தவர்கள் செத்தவர்களே.

அதற்காகத் தனித்தனிக் கதைகளே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 'தி இன்னர் லைட்' வெளி எழுத்தாளர் ஒருவர் கொண்டுவந்த யோசனை. 26 அத்தியாயத்தில் அதற்கு இடமிருந்தது. பத்து அத்தியாயத்துக்குள் ஒரே போரைச் சொல்லி முடிக்க வேண்டியவர் குழல் வாசிப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவாரா? ஸ்டார் ட்ரெக் வரிசையில் 2022-இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. வாரம் ஒரு கதைதான், ஆனால் கேப்டன் பைக்குக்குத் தனக்கு நேரப்போகும் கோர விபத்து முன்கூட்டியே தெரியும். எந்தக் கதைக்குள் போனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் போகிறார்.