லைட் சுவிட்ச் பக்கத்தில் பிளக் பாயிண்ட் கேட்கும் முன்

“அண்ணே, இந்த லைட் சுவிட்ச் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் போட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதானே?” வேலைக்குப் போகும் முக்கால்வாசி வீடுகளில் இதைக் கேட்கிறார்கள். சுவிட்சில் கரண்ட் இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால் ஆயிற்று என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பழைய வீடுகளில் அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டே வயர்கள்: கரண்டை உள்ளே கொண்டுவரும் பேஸ், அங்கிருந்து விளக்குக்குப் போகும் ரிட்டர்ன். பிளக் பாயிண்டுக்கு, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் வேண்டும். அது மேலேயே நேராக விளக்குக்குப் போய்விடும், சுவிட்ச் பக்கம் வரவே வராது.

இங்கேதான் சிலர் குறுக்குவழியில் இறங்குகிறார்கள். அந்த வழியாகப் போகும் பச்சை எர்த் வயரை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் பாதுகாப்பு வயரை, அறுத்து நியூட்ரலாக மாட்டிவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும், மிக்ஸி ஓடும், காசும் வாங்கியாயிற்று.

மிக்ஸி ஓடும்போது மட்டும் பிரிட்ஜ் கதவு சுருக்கென்று இழுக்கிறது, மிக்ஸியும் முன்போல வேகமாக ஓடவில்லை என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். பிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. மெயின் பெட்டியைத் திறந்து பச்சை வயரைச் சுற்றி, வயரில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, அந்த அம்மாவை மிக்ஸியைப் போடச் சொன்னேன். எதுவுமே ஓடக்கூடாத வயரில் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடியது. நிறுத்தச் சொன்னதும் பூஜ்யம். வெயில் காலம், எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழி காய்ந்து கிடந்தது. கரண்ட் மண்ணுக்குள் எளிதாக இறங்க முடியாததால் எர்த் வயரில் வோல்ட்டேஜ் ஏறி, மூன்று பின் போட்ட எல்லாப் பொருளின் தகட்டிலும் வந்திருக்கிறது. அந்த வயர் குழியருகே அறுந்திருந்தால் சுருக்கென்ற இழுப்போடு போயிருக்காது, ஏறக்குறைய 230 வோல்ட்டும் பிரிட்ஜ் கதவில் நின்றிருக்கும், அந்த வீட்டில் தவழும் குழந்தை வேறு இருந்தது.

கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ன செய்தது என்று கேட்பீர்கள். அது தன் வேலையைச் செய்திருக்கிறது. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பாமல் 30 மில்லி ஆம்பியர் விலகினாலே அது விழ வேண்டும், விழுந்தது. “சும்மா சும்மா விழுது” என்று அதையே தாண்டி நேராக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

சரி, முறையாக எப்படிச் செய்வது? மெயினை அணைத்துவிட்டு, மெயின் பெட்டியிலிருந்தோ பக்கத்து போர்டிலிருந்தோ அதே சர்க்யூட்டின் நியூட்ரலையும் எர்த்தையும் பைப்புக்குள் இழுத்து வர வேண்டும். பைப்பில் இடமில்லையென்றால் வெளியே கேசிங் அடிக்கலாம், அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்படிப் போட்டாலும் அது லைட் சர்க்யூட் என்பதை மறக்க வேண்டாம். நம் நாட்டு விதிப்படி அதில் மொத்தம் 10 பாயிண்ட், 800 வாட் வரைதான். போன் சார்ஜர், வைஃபை பெட்டிக்குத் தாராளம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதற்கு மெயின் பெட்டியிலிருந்தே தனி வயர், தனி எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எம்சிபி விழுகிறதே என்று பெரிய எம்சிபி மாற்றினால் சுவருக்குள் வயர்தான் வேகும்.

வேலை முடிந்ததும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனாகவே இருந்தாலும், உங்கள் கண்ணெதிரே எர்த் வயரில் கிளாம்ப் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஆர்சிசிபியில் ‘டி’ என்று இருக்கும் பட்டனை நீங்களே அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அவரை வாசல் தாண்ட விடாதீர்கள்.