பேச்சு வரும்வரை குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை

ஆட்டிசமோ வளர்ச்சித் தாமதமோ உள்ள மூன்று, நான்கு வயதுக் குழந்தையோடு என் வகுப்புக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எப்போ பேசுவான் டீச்சர்?" என்றுதான். அந்தத் தவிப்பு எனக்குப் புரியும். ஆனால் யாராலும் தேதி குறித்துச் சொல்ல முடியாது. பேச்சு வரட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டால், எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் குழந்தை தவிக்கும். அழுகை, கடி, தலையை முட்டிக்கொள்வது என்று நாம் பிடிவாதம் என்று நினைப்பதில் பாதி அந்தத் தவிப்புதான் என்பது என் அனுபவம்.

பேச்சில்லாமலே கேட்கப் பழக்க, சோப்புக் குமிழி பாட்டில் ஒன்று போதும், தொடங்கிவிடலாம். இரண்டு மூன்று முறை ஊதிக் காட்டிவிட்டு, மூடியை இறுக்கி, குழந்தையின் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். "என்ன வேணும்? குமிழியா? குமிழின்னு சொல்லு" என்று அடுக்க மாட்டேன். இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பதில் தரக் கூடுதல் நேரம் பிடிக்கும். மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுப்பேன். பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்குத்தான் அது தாங்காது. குழந்தை பாட்டிலைத் திருப்பிப் பார்க்கும், கடித்துப் பார்க்கும், பிறகு என் கையைப் பிடித்து இழுத்து மூடிமேல் வைக்கும். என் முகத்தைப் பார்க்காது. பரவாயில்லை, கேட்டுவிட்டது! உடனே "குமிழி!" என்று ஒரே சொல்லைச் சொல்லி ஊதுவேன். கண்ணைப் பார்த்தால்தான் தருவேன் என்று பிடித்து வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

இது பழகியதும் பட அட்டை. குமிழிப் படத்தை எடுத்து என் கையில் தந்தால் குமிழி கிடைக்கும். அமெரிக்காவில் 1985-இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய 'பெக்ஸ்' (PECS) என்ற, படத்தைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் முறையின் முதல் படி இதுதான். அதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே இருந்து அட்டையை வாங்குவார். இன்னொருவர் பின்னால் இருந்து குழந்தையின் கையை நகர்த்த உதவுவார், வாய் திறக்க மாட்டார். போகப்போக அந்த உதவியைக் குறைத்து எடுத்துவிட வேண்டும்.

"அட்டைக்குப் பழகிட்டா பேசவே மாட்டானே?" என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது.

சொன்னதையே திருப்பிச் சொல்லும் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசிக்கும்போது "பசிக்குதா?" என்று குழந்தை கேட்டால், அது உங்களைக் கேட்கவில்லை, தன் பசியைச் சொல்கிறது. "கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாதே" என்று அடக்காதீர்கள். "எனக்குப் பசிக்குது" என்று அது சொல்ல வேண்டிய விதத்தில் ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டுச் சாப்பாட்டைக் கொடுங்கள்.

காது பரிசோதனை செய்திருக்காவிட்டால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலிகளோ, கைகாட்டல், டாட்டா போன்ற சைகைகளோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் தானாக இரு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று வீட்டில் யார் சொன்னாலும் சரி, அந்த அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போடாதீர்கள்.