வேண்டாததைத் துடைக்கப் போய்

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகங்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படியொரு டிசம்பர் காலையில், எஸ்டேட் ஒன்றின் கணக்கர் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகில் இருக்கும் என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். திறந்து காட்டினார். திரையில் பின்னணிப் படத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

“ஆள் கணக்கு, வாரக்கூலி, போன வருடத்துப் பறிப்புக் கணக்கு எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தேன் தம்பி. தங்கை மகன் சுத்தம் செய்து தருகிறேன் என்றான். சுத்தமாகத்தான் செய்திருக்கிறான்.”

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் எஸ்டேட் கணினியை விண்டோஸ் 11-க்கு உயர்த்தியிருக்கிறார்கள். உயர்த்தியதும் கேட்காத விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள்: மூலையில் வானிலையும் செய்தியும், ஸ்டார்ட் மெனுவில் விளையாட்டுகள், மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு. பையன் இணையத்தில் தேடி, எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நீக்கித் தருவதாகச் சொன்ன ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் கோப்பு) ஒன்றை எடுத்து ஓடவிட்டிருக்கிறான்.

ஒன்டிரைவின் காப்புப்பிரதி வசதி இயங்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளின் இருப்பிடமே ஒன்டிரைவ் கோப்புறைக்குள் மாறிவிடும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கோப்பு பழைய இடத்தில் இருப்பதாகவே தோன்றும். அந்த ஸ்கிரிப்ட் ஒன்டிரைவைப் பிடுங்கியதோடு நில்லாமல், டெஸ்க்டாப்பின் முகவரியையும் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டது. பழைய இடம் காலி. அதனால் திரையும் காலி. கோப்புகள் அழியவில்லை. பெரும்பாலானவை கணினியிலேயே, ஒன்டிரைவ் என்ற பெயருள்ள கோப்புறைக்குள் இருந்தன. ஐந்தே நிமிட வேலை.

போன வருடக் கணக்குதான் படுத்தியது. அடிக்கடி திறக்காத கோப்புகளை இணையத்தில் மட்டும் வைத்துவிட்டு, கணினியில் பெயரை மட்டும் காட்டும் முறை ஒன்டிரைவில் உண்டு. பறிப்புக் கணக்கு அப்படித்தான் இருந்தது. இணையத்தில் நுழைந்து எடுக்கலாம் என்றால், கணக்கு தொடங்கப்பட்டது வேலையை விட்டுப் போன பழைய மேனேஜரின் மின்னஞ்சலில். அவரைத் தேடிப் பிடித்துக் கடவுச்சொல் வாங்க இரண்டு நாள் ஆயிற்று. நல்ல மனிதர், கொடுத்தார்.

ஒன்டிரைவ் வேண்டாம் என்பவர்கள் தாராளமாக நீக்கலாம். ஆனால் முதலில் அதன் அமைப்புகளுக்குள் போய்க் காப்புப்பிரதியை நிறுத்துங்கள். பிறகு கோப்புகள் முழுவதையும் கணினிக்கு இறக்கி, டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி, ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்து, நான்கைந்தைத் திறந்து பார்த்த பிறகே நீக்கத்துக்குப் போங்கள். இலவச இடம் 5 ஜிபி. அது நிரம்பியதும் எரிச்சலில் இணையத்தில் இருப்பதை எல்லாம் அழிப்பவர்களும் உண்டு. கணினியோடு இணைந்திருக்கும்போது அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். தனிநபர் கணக்கு என்றால் இணையத்திலுள்ள குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை கிடைக்கும்.

கடை நடத்தும் இத்தனை ஆண்டுகளில், உடன் வந்த மென்பொருளால் கெட்ட கணினியைவிட அதை நீக்கப் போய்க் கெட்ட கணினிதான் என் மேசைக்கு அதிகம் வந்திருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதனால்தான்.

“போன தடவை நீக்கினேனே, மறுபடி எப்படி வந்தது?” என்பது புதன், வியாழன்களில் நான் அதிகம் கேட்கும் கேள்வி. மைக்ரோசாஃப்ட்டின் மாதாந்தரப் புதுப்பிப்பு இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்கக் காலையில் வெளியாகிறது. நமக்கு விடிந்தால் புதன். மாதாந்தரப் புதுப்பிப்பு ஒட்டுப்போடும் வேலைதான். பதிப்பே மாறும் பெரிய புதுப்பிப்பு வேறு வகை. அது புது வீட்டைக் கட்டி, நம் சாமான்களைப் பழைய வீட்டிலிருந்து தூக்கி வைப்பது போன்றது. புது வீட்டோடு கட்டியவர் வைத்த அலமாரிகளும் வரும். பழைய வீடு ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற பெயரில் சில நாள் நிற்கும். பொதுவாக 10 நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டு. இடம் அடைக்கிறது என்று அதை முதல் நாளே அழித்தால் அந்த வழியும் அடைபடும்.

இன்னொரு காரணமும் உண்டு. செட்டிங்ஸில் நீக்கும்போது பெரும்பாலும் உங்கள் பயனர் கணக்கிலிருந்து மட்டுமே செயலி போகிறது. மூலப்பொதி கணினிக்குள்ளேயே இருக்கும். கடைப்பையனுக்கு என்று புதிதாக ஒரு கணக்கு தொடங்கினால், அவனுக்கு எல்லாம் முதலிலிருந்து கிடைக்கும். ஸ்டார்ட் மெனுவில் தெரியும் படங்கள் சில, செயலிகளே அல்ல. தொட்டால்தான் பதிவிறங்கும் வெறும் குறியீடுகள். வலது சொடுக்கி அப்புறப்படுத்தினால் போதும். அதற்கு ஸ்கிரிப்ட் தேவையில்லை.

நீக்க வேண்டியவற்றில் எனக்கு முதலிடம், புதுக் கணினியோடு வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸ். நாள் முடிந்த பிறகும் அது உட்கார்ந்துகொண்டு பணம் கேட்டுக்கொண்டே இருக்கும். வேறொன்றை வாங்கி அதன்மேல் போடுவார்கள். இரண்டும் சண்டையிட்டு, கணினி நகராது. சாதாரணமாக நீக்கினால் மிச்சம் மீதி தங்கிவிடுவதால், மெக்காஃபி, நார்ட்டன் போன்ற நிறுவனங்களே தனி நீக்கும் கருவிகளைத் தருகின்றன. அவற்றை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். நீக்கி, கணினியை மீண்டும் தொடக்கினால் விண்டோஸின் சொந்த டிஃபென்டர் தானாக விழித்துக்கொள்ளும். வீட்டுக்கும் சிறு கடைக்கும் அது போதும் என்பது என் கருத்து. ஆன்டிவைரஸ் விற்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விளையாட்டுகள், வணிகத்தளக் குறியீடுகள், பயன்படுத்தாத பாட்டுச் செயலிகள் எல்லாம் போகட்டும். வானிலைப் பெட்டியை நீக்க மெனக்கெட வேண்டாம். டாஸ்க்பார் அமைப்பில் அணைத்துவிடலாம்.

கை வைக்கக் கூடாதவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் மகன், பட்டியலில் ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்று ஒரே பெயர் ஏழெட்டு முறை இருப்பதைப் பார்த்து, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கிவிட்டார். பில் போடும் மென்பொருள் அடுத்த நாள் காலையில் திறக்கவில்லை. லாரி வாசலில் நிற்கிறது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள 2008, 2010, 2013 என்ற எண்களைப் பாருங்கள். அவை மற்ற மென்பொருள்கள் ஓடுவதற்கான துணைப்பொதிகள்; ஒன்றின் நகல்கள் அல்ல. எந்தப் பதிப்பை நம்பி எழுதப்பட்டதோ அந்தப் பதிப்பையே மென்பொருள் தேடும். நீக்கியவற்றை எல்லாம் மறுபடி நிறுவும்வரை, அப்பா கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினார்.

தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10, 11-இல் தமிழுக்கான அடிப்படை எழுத்துரு நிர்மலா யுஐ. லதா, விஜயா இரண்டும் செட்டிங்ஸிலுள்ள விருப்பக்கூறுகள் (Optional features) பட்டியலில் ‘தமிழ் துணை எழுத்துருக்கள்’ என்ற பொதிக்குள் இருக்கின்றன. அம்மாபேட்டையில் தட்டச்சு நிலையம் வைத்திருக்கும் அம்மா ஒருவர், அந்தப் பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கியபோது இதுவும் போயிற்று. லதாவில் அமைத்திருந்த பத்திரங்கள் வேறு எழுத்துருவில் திறந்தன. எழுத்து உடையவில்லை. ஆனால் வரி நீளம் மாறி, ஐந்து பக்கப் பத்திரம் ஆறாவது பக்கத்தில் இரண்டு வரியோடு நின்றது. முத்திரைத்தாளில் அச்சிடுபவருக்கு அந்த இரண்டு வரியின் விலை தெரியும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், எட்ஜ் வெப்வியூ2, ஒலிக்கும் திரைக்குமான டிரைவர்கள் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். எட்ஜ் உலாவியைப் பயன்படுத்தாதவர்கள்கூட வெப்வியூ2-ஐத் தொடக் கூடாது. வேறு பல செயலிகள் தம் பக்கங்களைக் காட்ட அதைத்தான் நம்பியிருக்கின்றன.

உடன் வருவதெல்லாம் வெறும் இடத்தை அடைக்கும் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2014-இன் பிற்பகுதியில் விற்ற சில லெனோவா மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. பாதுகாப்பான இணையத் தொடர்புகளின் நடுவிலும் புகுவதற்காக அது தன் சான்றிதழ் ஒன்றைக் கணினியில் பதித்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியானபோது, மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் அங்கேயே தங்குகிறது என்பதும் தெரியவந்தது. அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் தந்த ஒன்றுக்கே இந்த நிலை என்றால், முகம் தெரியாதவர் எழுதிய ஸ்கிரிப்டுக்கு நிர்வாகி அனுமதி கொடுப்பது எப்படி என்று நீங்களே யோசியுங்கள்.

கைபேசியைப் பற்றிச் சுருக்கமாக. ஆன்ட்ராய்டில் உடன் வரும் செயலிகள் பல, பயனர் எழுத முடியாத தனிப் பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்கு ‘முடக்கு’ என்ற பொத்தான் மட்டுமே கிடைக்கும். முடக்கினால் பின்னணியில் ஓடாது. ஆனால் மூலச் செயலி அடைத்த இடம் திரும்பாது. பிறகு வந்த புதுப்பிப்புகளும் அதன் தரவும் அடைத்த இடம் மட்டுமே கிடைக்கும். முழுவதும் நீக்கும் உரிமை வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டிலும் எழுந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, தன் முன்நிறுவிய செயலிகளை நீக்கவிடாமல் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் அந்த உத்தரவு உட்பட நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. அதனால்தான் இன்னமும் முடக்கிக்கொண்டிருக்கிறோம்.

எஸ்டேட் கணக்கருக்கு நான் செய்துகொடுத்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நிறுவியுள்ள மென்பொருள்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். புதிதாக ஏதேனும் வந்தால் நோட்டைப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒன்று என்று நீக்கி, தேதி போட வேண்டும். நீக்கிய மறுநாள் வேலை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. தங்கை மகனையே நோட்டுக்குப் பொறுப்பாக்கினார்.

ஜனவரியில் அழைத்தார். “தம்பி, பட்டியலில் ஒன்று புதிதாக இருக்கிறது. நோட்டில் இல்லை. எடுத்துவிடலாமா?”

பெயரைப் படிக்கச் சொன்னேன். முந்தின வாரம் அவர்களே வாங்கி வைத்த பிரின்டருடையது.