வெதரிங் கோர்ஸ்: மேஸ்திரி வாயில் இருக்கும் தமிழ்ச்சொல்

மொட்டைமாடி கான்கிரீட் முடிந்ததும், ‘அடுத்தது வெதரிங் கோர்ஸ்’ என்பார் இன்ஜினியர். ‘சுருக்கி போடணும்’ என்பார் மேஸ்திரி. ‘ஓடு ஒட்டுங்க, கீழே வெக்கை தாங்கல’ என்பார் வீட்டுக்காரர். மூன்று பேரும் சொல்வது ஒரே வேலையைத்தான். ஆனால் ஒவ்வொரு பெயரும் அந்த வேலையின் ஒரு பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஆங்கிலப் பெயர். ‘வெதர்’ என்றால் வானிலை. பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்வதையும் வெதரிங் என்பார்கள். அதை வானிலைச் சிதைவு என்கிறோம். இந்த இரண்டு பொருளையும் மாடிக்குக் கொண்டுவந்தால் சொல் பிடிபடாது. மழைத்தண்ணீர் தேங்காமல் வழிய ஒரு பரப்பைச் சாய்த்துக் கட்டுவதற்கு ஆங்கிலக் கட்டடத் தொழிலில் வெதரிங் என்று பெயர். ஜன்னலின் அடிக்கல்லை வெளிப்பக்கமாகச் சரித்து வைப்பதும் வெதரிங்தான். ‘கோர்ஸ்’ என்பது ஓட்டம் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. சுவர் வேலையில் அது ஒரே மட்டத்தில் ஓடும் செங்கல் அடுக்கு. நம்மவர்கள் ‘வரி’ என்று சொல்வது. ஆக, தண்ணீர் வடியச் சாய்த்துப் போட்ட அடுக்கு என்பதே இந்தப் பெயரின் முழுப்பொருள். வெக்கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சுருக்கி என்பது வேறு வழியில் வந்தது. பாரசீகத்தில் ‘சுர்க்’ என்றால் சிவப்பு. செங்கல்லை இடித்த செந்தூள் ‘சுர்க்கி’. இந்துஸ்தானி வழியாக இங்கே வந்து ‘சுருக்கி’ ஆனது. சுருக்குதலுக்கும் இதற்கும் உறவில்லை. சுட்ட மண்ணின் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் சாந்தாகிறது. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கெட்டித்து, தட்டோடு என்ற தட்டையான ஓடுகளைப் பதித்தார்கள். கான்கிரீட் வந்ததும் உத்தரமும் குத்துச்செங்கல்லும் போயின. மேலே இருந்த சுண்ணாம்பு அடுக்கு மட்டும் தங்கிவிட்டது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? புதிதாக ஆக்க வேண்டியதில்லை. தளத்தில் சரிவு பார்க்கும்போது மேஸ்திரி கேட்பது ‘வாட்டம் சரியா இருக்கா?’ என்றுதான். முகத்தில் வாட்டம் என்றால் சோர்வு. தளத்தில் வாட்டம் என்றால் தண்ணீர் போகும் சரிவு. சுவரில் அடுக்குவது என்றால் வரி என்னலாம். இது பரப்பிக் கெட்டிப்பது, ஆகவே தளம். வெதரிங் கோர்ஸ் என்பதற்கு ‘வாட்டத்தளம்’ என்பதே சரியான சொல் என்பேன். வானிலை அடுக்கு, வெப்பத்தடுப்பு ஓடு என்றெல்லாம் எழுதினால் முதல் வேலையே பெயரிலிருந்து விழுந்துவிடுகிறது.

பெயரிலிருந்து விழுந்தது வேலையிலிருந்தும் விழுகிறது. வெக்கையைக் குறைக்கும் ஓடு, ‘கூல் டைல்’ என்று வாங்கிவந்து, மட்டமான கான்கிரீட் மேல் நேராக ஒட்டிவிடுகிறார்கள். உதாரணத்துக்கு வேலூரில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அந்த ஓட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கும். இடுக்கு வழியாக இறங்கும் ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி, கீழே பூச்சைத் தள்ளும்.

வாட்டக் கணக்கு எளிது: 5 அடிக்கு 1 அங்குலம். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்ப்பக்கம் தளத்தின் கனம் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மாடி 20 அடி நீளம், குழாய் ஒரே முனையில் என்றால் மறுமுனை 6 அங்குலமாகிவிடும். சராசரி 4 அங்குலம். சதுர அடிக்கு ஏறக்குறைய 15 கிலோ பாரம் ஏறுகிறது. நடுவில் முகடு வைத்து இரு பக்கமும் குழாய் கொடுத்தால் முகட்டில் 4 அங்குலம் போதும், சராசரி 3 அங்குலத்துக்கு இறங்கும். ஆகவே குழாய் எங்கே என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் என்பது பாதுகாப்பான கணக்கு.

கலவை: 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு. மணல் கிடையாது. இந்த விகிதத்துக்குக் காரணம் உண்டு. உடைத்த ஜல்லியைக் கொட்டினால் பத்தில் நாலு பங்கு இடுக்குதான். அந்த இடுக்கை நிரப்பும் அளவே சுண்ணாம்பு. ஜல்லி 20 மி.மீ. அளவில், நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்ததாக இருக்க வேண்டும். வேகாதது கரையும், முறுகிக் கருத்தது சுண்ணாம்பைப் பிடிக்காது. சூளையில் உடைந்து ஒதுங்கிய செங்கல்லே போதும் என்பதால் பாலாற்றுப் பக்கத்துக்கு இது மலிவான பொருள். ஜல்லியை நன்றாக ஊறவைத்துத்தான் கலக்க வேண்டும், இல்லையென்றால் அது சுண்ணாம்பின் ஈரத்தைக் குடித்துவிடும். சுண்ணாம்பைச் சலிக்காமல் போட்டால் நீறாத கட்டி உள்ளே கிடந்து, ஈரம் பட்டதும் உப்பி, ஓட்டைத் தூக்கும்.

ஒரே அடுக்காகப் பரப்பி, மரக்கட்டையால் ஒரு வாரமாவது அடிக்க வேண்டும். கட்டை தளத்தில் பதியாமல் எகிறினால் இறுகிவிட்டது என்று பொருள். அடிக்கும்போது கடுக்காய் ஊறிய தண்ணீரில் வெல்லம் கரைத்துத் தெளிப்பார்கள். ஜவ்வாது மலையில் கிடைக்கும் அதே கடுக்காய்தான். தோல் பதனிடுவதற்கு உதவும் துவர்ப்பு இங்கே சுண்ணாம்பு அவசரமாக உலர்ந்து வெடிக்காமல் காக்கிறது. கூலி இந்த இடத்தில்தான் அதிகம். அதைக் குறைக்கச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலப்பவர்கள் உண்டு; தளம் ஒரே நாளில் இறுகும், கோடையில் வெடிக்கும். சுண்ணாம்பு சிறு அசைவுக்கு இடம் கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது.

அதன்மேல் தட்டோடு, 1:3 சிமெண்ட் சாந்தில், 12 மி.மீ. கனத்தில். கைப்பிடிச்சுவர் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூச வேண்டும். பெரும்பாலான ஒழுகல் தொடங்குவது அங்கேதான். பிறகு சோலார் தாங்கிக்கோ ஏசி பெட்டிக்கோ தளத்தைத் துளைத்தால் இவ்வளவு வேலையும் வீண். தனித் திண்டு கட்டி அதன்மேல் நிறுத்த வேண்டும்.

இனி வெக்கை. கான்கிரீட்டின் வெப்பக் கடத்துதிறன் (மீட்டர்-கெல்வினுக்கு வாட் கணக்கில்) ஏறத்தாழ 1.58; சுண்ணாம்புக் கான்கிரீட்டுக்கு 0.73. எண் குறைந்தால் வெக்கை இறங்குவதும் குறையும். 12 செ.மீ. கூரை தரும் தடையைவிட, மேலே போட்ட 7.5 செ.மீ. வாட்டத்தளம் தரும் தடை அதிகம். கத்திரி வெயிலில் இரவு 10 மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டாலே வித்தியாசம் தெரியும். சிவப்பு ஓடு வெயிலை உறிஞ்சும் என்பதால் மாசியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுவது நல்லது. வைத்தியத்துக்கு வேலூர் வந்து மாதக்கணக்கில் வாடகைக்கு இருப்பவர்களில் பலர் மேல்மாடி அறையில்தான் படுக்கிறார்கள். நோயாளி படுத்திருக்கும் அறைக்கு மேல் இந்தத் தளம் கட்டாயம் வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது ‘வெதரிங் கோர்ஸ் – சதுர அடிக்கு இவ்வளவு’ என்று விட்டுவிடாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘செங்கல் ஜல்லி சுண்ணாம்பு வாட்டத்தளம், 32:12.5, குழாய் வாயில் 2 அங்குலம், 5 அடிக்கு 1 அங்குலம் வாட்டம், மேலே தட்டோடு. தண்ணீர் ஊற்றி வடிவதைப் பார்த்த பின்பே கடைசித் தவணை.’